இரண்டாம் ஆள்

புது வண்டி. ஓடியது எண்ணூற்றுப் பதினாறு கிலோமீட்டர்.
திபிலீசிக் கடைக்காரன் போனில் சொல்கிறான்:
"புதுசு இல்லையா, பழகப் பழகச் சரியாகிடும்."

எது பழகும்?
மார்ட்வீலிக்கு மேலே ஏறும் பாதையில்
ஒவ்வொரு குழியும் என் மணிக்கட்டில் ஏறிப்
பல்வரை வந்து இறங்குகிறது.
பின்னால், ஐஸ் பெட்டிக்குள்,
மாடுகளுக்கான தடுப்பூசிக் குப்பிகள்
நாளெல்லாம் சண்டை.
பிரேக் பிடித்தால்
ஈர ரொட்டியை அமுக்கியது போல
லிவர் கைப்பிடிவரை வருகிறது,
வண்டி யோசித்துவிட்டு நிற்கிறது.
நேற்று ஒரு எருமை.
அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன்,
நடுவில் நாலு விரல்.

கையேட்டை விரித்தேன். நூற்றுப் பதினோராம் பக்கம்:
ஓட்டுபவர் இருக்கையில் அமர வேண்டும்,
இரண்டாம் ஆள் அளக்க வேண்டும்.
அடுத்த பக்கம், பிரேக்கிலிருந்து காற்றெடுப்பது:
ஒருவர் லிவரை அழுத்திப் பிடிக்க
மற்றவர் திருகைத் திறக்க வேண்டும்.
எழுதியவன் வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகம் போல.

எனக்கு இருப்பது ஒரு பூனை.
அப்புறம், வேலிக்கு அந்தப் பக்கம் ஓத்தியா.
ஒரு வரிசை ஹேசல் செடி, ஒன்றரை முழ அகலம்,
யாருடையது என்று கோர்ட் இன்னும் யோசிக்கிறது.
நாங்கள் பேசி இரண்டு வருஷம்.
ஆனால் டிராக்டரைப் பிரித்து மாட்டத் தெரிந்தவன்
இந்தத் தெருவில் அவன் ஒருத்தன்தான்.

வேலியோரம் போய் டேப்பை நீட்டினேன்.
முகம் இறுகிவிட்டது அவனுக்கு.
"மறுபடி அளக்கப் போறியா?"
"நிலத்தை இல்ல. வண்டியை."

முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு அளவு.
நான் ஏறி உட்கார்ந்து இன்னொரு அளவு.
ஐம்பது மில்லிமீட்டர் இறங்க வேண்டியது
இருபதுதான் இறங்கியிருந்தது.
டேப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"உன் எடைக்கு இது பத்தாதே."
கேட்காதது போல இருந்தேன்.

குந்தி உட்கார்ந்து சக்கரத்தைச் சுழற்றினான்.
அரைச் சுற்று. உரசல். நின்றது.
டிஸ்க்கைத் தொட்ட விரலை உதறிக்கொண்டான், ஓட்டிவந்த சூடு.
"ஸ்பிரிங்கை மாத்தணுமா?"
"ஒண்ணும் மாத்த வேண்டாம்.
அவசரத்துல மாட்டியிருக்கான் உன் கடைக்காரன்.
ஆக்ஸில் நேரா உக்காரும் முன்ன
அடித் திருகை முறுக்கிட்டான்.
போர்க்கோட ரெண்டு காலும் ஒண்ணை ஒண்ணு
இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.
எப்படி இறங்கும்?"

ஸ்பேனர் கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் திரும்பியது.
முன்பக்கத்தை நான் அமுக்கினேன், விட்டேன்.
நாலாவது தடவை, உள்ளே எங்கோ,
நாற்காலியில் ஒருத்தர் சாய்ந்துகொண்டது போல ஒரு சத்தம்.
பிறகு முறுக்கினான்.
நாற்பத்தெட்டு என்றது டேப்.

பிரேக்குக்குத்தான் மாலைவரை ஆனது.
"அமுக்கு. பிடி."
கண்ணாடிக் குழாயில் குமிழி வந்தது, மீன் மூச்சு விடுவது போல.
"மூடிட்டேன். இப்ப விடு."
அமுக்கு. பிடி. மூடிட்டேன். விடு.
ஒருமுறை அவன் மூடும் முன்பே விட்டுவிட்டேன்.
"நான் சொன்ன அப்புறம்!" என்று கத்தினான்,
போன காற்றெல்லாம் திரும்பி உள்ளே.
முதலிலிருந்து ஆரம்பித்தோம்.
இரண்டு வருஷத்துக்கான வார்த்தைகள்
அந்த நாலுதான், இருட்டும்வரை.

லிவர் இப்போது கல்.
அவன் வாசல்வரை ஓட்டிப் பார்த்தேன்,
அவன் டிராக்டர் தோண்டிவைத்த அந்தக் குழியை
முன்சக்கரம் விழுங்கியது, ஏப்பம்கூட இல்லை.
கோழிகள் முன்னால், நிறுத்தவேண்டிய இடத்தில், நின்றது.

கையைத் துடைத்தான். ஒரு சிறு கிளாஸ் சாச்சா குடித்தான்.
"வேலி விஷயம் வேற," என்றான்.
"வேறதான்," என்றேன்.
"செவ்வாய்க்கிழமை கோர்ட்ல பாப்போம்."
"பாப்போம்."

படுக்கும்போதுதான் தேடினேன்.
டேப் அவன் சட்டைப் பையில் போய்விட்டிருக்கிறது.